புரொபசர் போட்ட வரிசை

அரங்கநாயகத்துக்கு யாரையும் சந்தேகப்படப் பிடிக்காது. ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் முறைப்படி சந்தேகப்படுவார். சட்டக் கல்லூரியில் காலமெல்லாம் மனித உரிமைப் பாடம் எடுத்தவர் அல்லவா.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மலைமேல் இருந்த ஓர் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். அங்கே குரு வடிவம்மை. அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எல்லோரும் அம்மை என்பார்கள். அம்மையோ அரங்கநாயகத்தை 'புரொபசர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை. அந்த விஷயத்திலும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குருபூசை முடிந்த கையோடு அம்மை வெளியூர் கிளம்பிப் போனார். போகும்போது, "பாத்துக்குங்க, புரொபசர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஆசிரமத்தில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். ஒரே வாந்தி.

அரங்கநாயகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலையில் கஞ்சி மட்டும் குடிப்பவர்.

சமையல் பொறுப்பில் இருந்த பிச்சாண்டி அவர் காதருகே வந்தான்.

"புரொபசர், விடியறப்போ சுனைப்பக்கம் அந்த ஆளப் பாத்தேன். குனிஞ்சு தண்ணியில என்னமோ பண்ணிக்கிட்டிருந்தான்."

ஆசிரமம் முழுக்கக் குடிப்பது அந்த ஒரே சுனைத் தண்ணீரைத்தான். அந்த ஆள் என்பது முந்தின நாள் சாயங்காலம் வந்து தங்கிய வழிப்போக்கன். நரைத்த தலை, தோளில் ஒரு துணி மூட்டை. வந்தவர்களுக்குச் சோறும் பாயும் கொடுக்க வேண்டும், யார், எங்கிருந்து என்று கேட்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கம் அரங்கநாயகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இப்படி ஆகும் என்று அவர் நினைத்ததுதான்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வெளுத்த வேட்டி, ஒரு துண்டு, துணியில் முடிந்த ஒரு கறுத்த பொடி. முகர்ந்தால் மூக்கில் கமறியது.

பிச்சாண்டி பின்வாங்கினான்.

இது என்ன என்று கேட்க அரங்கநாயகத்துக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கேட்டால் இவன் பொய்தானே சொல்வான்? பொய் சொல்லப் போகிறவனிடம் எதற்குக் கேட்பது? தவிர, கேட்கக் கூடாது என்பதுதானே ஆசிரம வழக்கம். பிடிக்காத வழக்கம் அன்றைக்கு அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

குரங்குத் தொல்லைக்காக மளிகை அறைக்கு மட்டும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. அரிசியிலும் ஏதாவது கலந்துவிடுவான் என்று மூட்டைகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார்கள். பிறகு அவனை உள்ளே விட்டுத் தாழ் போட்டார்கள்.

"கீழ ஊர் ஆளுங்களக் கூப்பிட்டா தோலை உரிச்சிருவாங்க" என்றான் பிச்சாண்டி.

"கூடாது. ஒரு விரல் அவர்மேல் படக் கூடாது. முதல் உரிமை உயிர். அதை நாம் காப்பாத்தணும்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் உணவு, தண்ணீர். அதுக்கப்புறம் காத்து, படுக்கை, உடம்புக்கு முடியலைன்னா மருந்து. ஒவ்வொண்ணா வரிசையா கொடுக்கணும்."

"வெளிய வர்றது?"

"அது கடைசி. ஊர் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல? பேச்சு, விசாரணை எல்லாம் அதுக்கும் அப்புறம். அம்மை வரட்டும்."

சொன்னபடி செய்தார். வெந்நீர் போயிற்று, சூடான சோறு போயிற்று, தன்னுடைய கம்பளியையே மடித்துக் கொடுத்தார். கைதியை இவ்வளவு கண்ணியமாக யார் வைத்திருப்பார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது.

"அய்யா, நான் என்ன செஞ்சேன்? அத மட்டும் சொல்லிருங்க."

"முதலில் சாப்பிடுங்கள்" என்றார் அரங்கநாயகம்.

சாப்பிட்டான். அது சந்தேகமாக இருந்தது. குற்றம் செய்யாதவன் பூட்டின அறையில் இவ்வளவு நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுவானா? அடுத்த வேளை தட்டைத் தொடவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது. மடியில் கனமில்லை என்றால் சோறு ஏன் இறங்கவில்லை?

பால் ஊற்ற வந்த பால்காரம்மா வெளியே கிடந்த அரிசி மூட்டைகளையும் தாழ் போட்ட கதவையும் பார்த்தாள். பிச்சாண்டியிடம் என்ன ஏது என்று விசாரித்தாள். பிச்சாண்டி சொன்னான். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகக் கீழே இறங்கினாள்.

அம்மை திரும்பி வந்தபோது படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அரங்கநாயகம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பொடியைக் காட்டினார். தான் கொடுத்த உரிமைகளை வரிசை மாறாமல் சொன்னார். பிறகு, பாராட்டை எதிர்பார்க்கிறவர் மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டுக் கேட்டார்.

"நான் போட்ட வரிசை சரிதானே, அம்மை? உரிமைகள்ல எது முதல்?"

அம்மை பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"பூசைக்குப் பண்ணின புளியோதரை மிச்சம் இருந்துச்சு, அம்மை. அதத்தான் சாப்பிட்டாங்க."

"வாந்தி எடுத்தவங்க எல்லாருமா?"

பிச்சாண்டி யோசித்தான். "ஆமா. சாப்பிட்டவங்கதான் எடுத்தாங்க."

"சுனைத் தண்ணி?"

"அது எல்லாரும் குடிச்சோம்."

அம்மை சமையற்கட்டுக்குப் போனார். கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய பித்தளை அண்டாவை நிமிர்த்தி, உள்பக்கம் விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் பச்சையாகக் களிம்பு ஒட்டியது. ஈயம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அப்படிப்பட்ட அண்டாவில் புளி ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது.

"இதுல யாரு செய்யச் சொன்னது?"

பிச்சாண்டி அரங்கநாயகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அலுமினியம் உடம்புக்கு ஆகாதுன்னு புரொபசர்தான் இத பரண்லேருந்து எறக்கச் சொன்னாரு."

அரங்கநாயகம் பச்சை படிந்த அந்த விரலைப் பார்த்தார். பாதி ஆசிரமத்துக்கு விஷம் வைத்தது அவர்தான். ஆனால் சந்தேகம் ஒரு மனிதனைவிட்டு அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா என்ன? அப்போதும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அப்போ அந்தப் பொடி?"

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லையா, அம்மை? பாதிப் பேர் சுருண்டு கிடந்தாங்களே."

"இருக்கு. சந்தேகம் உங்களோடது. தாழ்ப்பாள் விழுந்தது அவரோட கதவுல. போய்த் திறங்க."

திறந்தார். அந்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பளி மடிப்புக் கலையாமல் பக்கத்தில் இருந்தது.

"நீங்கள் போகலாம்" என்றார் அரங்கநாயகம். மூட்டையையும் பொடியையும் அவர் முன்னால் வைத்தார்.

அவர் அசையவில்லை.

"எதுக்குப் பூட்டுனீங்க?"

"ஒரு சின்னக் குழப்பம். இப்ப சரியாயிடுச்சு. நீங்க தாராளமா போகலாம்."

"போக மாட்டேன்."

அரங்கநாயகம் அங்கே நிற்க முடியாமல் அம்மையிடம் திரும்பி வந்தார். வரும் வழியிலேயே அவர் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஏன் போகமாட்டேன் என்கிறான்? சட்டவிரோதமாகப் பூட்டி வைத்தார்கள் என்று வழக்குப் போடப் போகிறானா? யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆளா? அம்மையின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு தெரிவது போலிருந்தது. அம்மைக்கு முன்பே ஏதாவது தெரியுமா? தன்னைச் சோதிக்க இவரே ஏற்பாடு செய்த ஆளோ?

"அவர் போகமாட்டேங்கிறார், அம்மை. சோறு கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், என் கம்பளியையே கொடுத்தேன். இப்போ விடுதலையும் கொடுத்தாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் அவருக்கு?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இங்கே வந்தவங்ககிட்ட எதுவும் கேட்கக் கூடாதுன்னுதானே வழக்கம்?"

"சோறு போடறதுக்கு முன்னாடி கேக்கக் கூடாதுன்னுதான் வழக்கம்" என்றார் அம்மை. "பூட்டறதுக்கு முன்னாடியும் கேக்காதீங்கன்னு யார் சொன்னது?"

அரங்கநாயகத்துக்குக் காது சூடாயிற்று. வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. மறுபடி மளிகை அறைக்குப் போனார். இந்தத் தடவை நிற்காமல், நிலைப்படியில் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கல்லூரியில் அவர் பேசாத நாள் இல்லை.

"உங்க பேரு?"

"தளவாய்."

"நாங்க செஞ்சது தப்பு. நீங்க சுனையில விஷம் கலந்துட்டீங்கன்னு நினைச்சோம்."

தளவாய் கண்ணை மூடித் திறந்தார். "அது தெரியும். பால்காரம்மா சன்னலுக்கு வெளிய நின்னுதான கேட்டா. காதுல விழுந்துது. நீங்க சொல்லுதீங்களான்னு பாத்தேன்."

"சுனைக்கு எதுக்குப் போனீங்க?"

"மொகம் கழுவ. மவ வீட்டுக்குப் போறோமே, அழுக்கா போகக் கூடாதுன்னு."

மலையைத் தாண்டி வந்தவர், இருட்டிவிட்டதென்று ராத்திரி ஆசிரமத்தில் தங்கியிருந்தார். அவர் மகள் பூரணத்தைக் கீழ் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. குழந்தை பெற்றுப் படுத்திருக்கிறாள்.

"இந்தப் பொடி?" என்று கேட்டார் அரங்கநாயகம். குரல் இறங்கியிருந்தது.

"புள்ள பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்துய்யா. சுக்கு, மொளகு, திப்பிலி, ஓமம். வறுத்து இடிச்சது. அவ ஆத்தா இருந்தா அவதான் கொண்டாரணும். அவ போய்ச் சேந்துட்டா. அக்கம்பக்கம் கேட்டுக் கேட்டு நானே இடிச்சேன்."

அரங்கநாயகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் அதற்கும் இந்த மனிதர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

"இப்ப போங்கன்னு சொல்லுதீங்க. எங்க போக?" என்றார் தளவாய். "வெசம் வச்சவன்னு ஊரு பூரா பேசியிருக்கும். அந்த வீட்டுல இந்தப் பொடிய வாங்குவாங்களா? என் மவள என்ன சொல்லுவாங்க? காலம் பூரா அவ வெசம் வச்சவன் மவதான."

"உங்களுக்கு என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்றேன்."

தளவாய் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. உள்ளே இருந்த நேரமெல்லாம் யோசித்து வைத்திருப்பார்.

"பகல்ல, தெரு பாக்க, எம் மவ வீட்டு முன்வாசல் வழியா நான் உள்ள போகணும். அம்புட்டுதான்."

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். வெயில் ஏறியிருந்தது. வழியெல்லாம் அரங்கநாயகம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே வந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் தெரு அடங்கியது. கோமதிநாயகம் வாசலுக்கு வந்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பூரணத்தின் மாமனார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீரும். பச்ச ஒடம்புக்காரியும் பச்சப் புள்ளயும் இருக்கற வீடு. ஊருல ஒண்ணு பேசுதாங்க. என்னால ஒம்ம உள்ள விட முடியாது."

தளவாய் தலையைக் குனியவில்லை. மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஊரில் பேசுவது பொய்" என்று அரங்கநாயகம் ஆரம்பித்தார். "ஒரு மனிதன் மீது குற்றம் நிரூபிக்கப்படும் வரையில் அவன்…"

"நீரு யாருவே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோயிற்று. அவர் சுருக்கமாகச் சொன்னார்.

"சுனையில யாரும் எதுவும் கலக்கல. எங்க பித்தளை அண்டாவுல ஈயம் போயிருந்துச்சு. அதுல புளியோதரையை வச்சோம். அதுதான் விஷமாச்சு. அந்த அண்டாவை எடுக்கச் சொன்னது நான்."

"அப்போ அத்தன பேரு வாந்தி எடுத்தது ஒம்மாலயா?"

"ஆமா."

"பொறவு என்னத்துக்கு இவரப் பூட்டி வச்சீரு?"

அரங்கநாயகம் சுற்றிப் பார்த்தார். கூட்டத்தில் பால்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளும் அவரை முறைத்துப் பார்த்தாள்.

"படிச்ச மனுசன் வலிய வந்து பழிய ஏத்துக்கிடுதாருன்னா உள்ள என்னமோ இருக்கு" என்றார் கோமதிநாயகம். "அந்தப் பொடி என்ன பொடி? அதச் சொல்லும் மொதல்ல."

அரங்கநாயகம் தளவாயின் பக்கம் கையை நீட்டினார். தளவாய் அவரைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார்.

அரங்கநாயகம் பொடியைக் கை நிறைய அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோகும் அந்த நேரத்தில் அவருக்குள் அது மறுபடி தலைதூக்கியது. ஒருவேளை? இந்த ஆள் சொன்னதைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்த ஒருவேளையையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

காரம் தொண்டையைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமினார். விடாமல் விழுங்கினார். இன்னொரு பிடி எடுக்கக் கையை நீட்டினார்.

தளவாய் முடிச்சை இழுத்துக்கொண்டார்.

"போதும்யா. அவளுக்கு வேணும்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "மாமா, எங்கப்பாவ விடுங்க." கோமதிநாயகம் அரங்கநாயகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கீழே விழவில்லை என்று தெரிந்ததும் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"வாரும் சம்பந்தி."

தளவாய் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அரங்கநாயகத்தை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நாக்கு எரிந்தது. எதிர்வீட்டுக் குழாயடியில் ஒரு பெண் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்கலாம் என்று அவர் பக்கத்தில் போனார். அவள் குடத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த ஆளு கைய குழாயில வைக்க விடாத" என்றது ஒரு குரல்.

"அம்மா, நான் வேணும்னு செய்யல. அது ஒரு பழைய அண்டா" என்று ஆரம்பித்தார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. வையவுமில்லை. அவர் சொல்ல வந்தது முடிகிறவரை நிற்கத்தான் ஓர் ஆள் இல்லை.

சாயங்காலம் அவர் மலையேறி வந்தபோது, அம்மை சுனையோரக் கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அண்டா ஈயம் பூசுவதற்காகக் காத்திருந்தது.

"உள்ள விட்டாங்களா?"

"விட்டாங்க. முன்வாசல் வழியா."

"நல்லது. உங்களை?"

அரங்கநாயகம் எதிரில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தாலும் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அம்மை. என்னை யாரும் தொடல. எனக்குச் சோத்துக்குக் குறைவில்ல. நடந்து வர வழி இருந்துச்சு. எல்லாம் இருந்தும், அந்தத் தெருவுல நான் ஒரு மனுசனா நிக்க முடியல. நான் போட்ட வரிசை தலைகீழ். எல்லா உரிமைக்கும் முதல் உரிமை மானம்தான். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான். இனிமே யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லப் போறேன்."

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க, புரொபசர். நாளைக்கு வாசல்ல யாராவது பட்டினியோட வந்து நின்னா, அவர்கிட்டயும் முதல்ல இதையே சொல்லுங்க."